இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒலித்த இசை

வானொலி கேட்டு வளர்ந்த ஒருவரிடம், "உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?" என்று கேட்டால் பத்துப் பாட்டாவது சொல்வார். எந்தப் படம், யார் பாடியது, யார் எழுதியது என்பதையும் சேர்த்தே சொல்வார். "சரி, செய்திக்கு முன்னால் ஒரு நிமிடம் ஒலிக்குமே, சொல்லே இல்லாத ஒரு கிட்டார் இசை, அது யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு அந்த மெட்டை வாய்க்குள்ளேயே முனகிக் காட்டுவார். பெயர் மட்டும் வராது.

மெட்டு நினைவில் இருக்கிறது, பெயர் இல்லை. வானொலி வரலாற்றில் ஒரு பெரிய பகுதி இப்படிப் பெயரில்லாமல் கிடக்கிறது. நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியை நிரப்பிய இசையைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. இடையில் வந்தது என்பதாலேயே அது சிறியதாகிவிடுமா? இதுதான் கேள்வி.

தோட்டத்துக் கடிகாரம்

பேராக் மாநிலத்தின் தென் எல்லையில் இருக்கிறது தஞ்சோங் மாலிம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையும் இரயில் பாதையும் இந்தச் சிறு பட்டணத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. 1922-இல் இங்கு தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மலாய்க் கல்வி வரலாற்றில் பெரிய பெயர். பட்டணத்தைச் சுற்றிப் பேராங், சிலிம் ரிவர், கலும்பாங் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றின் லயங்களில் தமிழர்கள் வாழ்ந்தார்கள்.

இதே தஞ்சோங் மாலிம்தான் 1952 மார்ச் மாதத்தில் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைச் சீர்செய்யப் போனவர்களைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டார்கள். உதவி மாவட்ட அதிகாரி மைக்கல் கோட்னர் உட்பட 12 பேர் இறந்தார்கள். புதிதாக வந்திருந்த ஹை கமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் நேரில் வந்து, பட்டணத்துக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரம் ஊர் வீட்டுக்குள் கிடந்தது.

அது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீண்ட அந்தக் காலத்தில் அரசாங்கம் வானொலியை ஓர் ஆயுதமாகவே கையாண்டது. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது இடத்தில் வானொலிப் பெட்டியை வைத்து, மக்களைக் கூட்டிக் கேட்க வைத்தது ரேடியோ மலாயா. அரசாங்கத்தின் பேச்சைக் கேட்பதற்காக மட்டும் யாராவது வந்து உட்காருவார்களா? நாள் முழுக்கப் பால்மரம் சீவிவிட்டு வந்தவருக்குப் பாட்டு வேண்டும். பாட்டுக்காக வந்தவர் செய்தியையும் கேட்டார். பாட்டையும் செய்தியையும் ஒட்டவைத்தது நடுவில் வந்த இசை.

தோட்டத்தில் நேரத்தைக் காட்டியது கைக்கடிகாரம் அல்ல. விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் மணி, பால் நிறுக்கும் நேரம், பிறகு வானொலி. டிரான்சிஸ்டர் பெட்டி வந்த பிறகு மின்சாரம் இல்லாத வீட்டிலும் வானொலி பேசியது. இந்த இசை வந்தால் செய்தி, அந்த இசை வந்தால் நேயர் விருப்பம் என்று அடுப்படியில் இருந்தவருக்கும் தெரியும். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஏன் சொல்லில்லாத இசை?

இதற்குத் தொழில் காரணம் உண்டு. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டு. பாட்டு முடிந்ததும் அடுத்த தட்டில் ஊசியை வைக்க வேண்டும். அதற்காகவே நிலையங்களில் இரண்டு சுழல்மேடைகள் அருகருகே இருந்தன. ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று தயாராக நிற்கும்.

செய்தி மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. மணி அடித்த அந்த நொடியில் அது தொடங்கியாக வேண்டும். கடைசிப் பாட்டு ஒன்றரை நிமிடம் முன்னதாக முடிந்துவிட்டால் என்ன செய்வது? பாடலைப் போட்டால் பாதியில் வெட்ட நேரும், நேயர் கோபிப்பார். மௌனமாக விட்டால் நிலையம் படுத்துவிட்டது என்று நினைத்து வேறு அலைக்குத் திருப்பிவிடுவார். அங்கேதான் வாத்திய இசை கைகொடுத்தது. அதை எந்த இடத்திலும் மெல்லக் குறைக்கலாம். அதன்மேல் அறிவிப்பாளர் பேசலாம். சொல்லோடு சொல் மோதாது. கைதேர்ந்த அறிவிப்பாளர் கணக்குப் போட்டு, இரண்டரை நிமிட இசையைச் செய்திக்குச் சரியாக இரண்டரை நிமிடம் இருக்கும்போதே சத்தமில்லாமல் ஓடவிடுவார். வேண்டிய நேரத்தில் ஒலியைக் கூட்டினால், இசையின் கடைசித் தட்டும் மணிக்கூட்டின் ஒலியும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். கேட்பவருக்கு அது தானாக நடந்தது போல இருக்கும்.

சிற்றலை வானொலிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் ஒலிபரப்பைத் தேடிப் பிடிக்க நேயருக்கு அவகாசம் வேண்டும். ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே ஓர் அடையாள இசை ஒலித்தது. பி.பி.சி. உலக சேவை செய்திக்கு முன் போட்ட 'லில்லிபுலேரோ' 17-ஆம் நூற்றாண்டின் மெட்டு. அகில இந்திய வானொலியின் அதிகாலை இசையோ, தம்புராவின் சுருதிக்கு மேல் வயலின் தவழும் ஒரு சிவரஞ்சனி. அதை இயற்றியவர் வால்டர் காஃப்மன். நாஜிகளின் கொடுமை சூழ்ந்த ஐரோப்பாவை விட்டு 1934-இல் பம்பாய் வந்து சேர்ந்த யூதர். பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்து, 1946-இல் இந்தியாவை விட்டுப் போனார். கோடிக்கணக்கான வீடுகளில் பல பத்தாண்டுகள் பொழுதை விடியவைத்த இசை அது. காஃப்மனின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

கிட்டார் வந்த காலம்

1960-இல் இந்த இடைவெளி இசைக்குப் புது இரத்தம் பாய்ந்தது. அதைக் கொண்டுவந்தது ராக் இசை. அந்த ஆண்டு இங்கிலாந்தில் 'தி ஷேடோஸ்' என்ற நால்வர் குழு 'அப்பாச்சி' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பாட்டு கிடையாது. ஹேங்க் மார்வினின் மின்கிட்டார்தான் பாடியது. எதிரொலிக் கருவி வழியாக அந்தத் தந்தி அதிர்ந்தபோது வெட்டவெளியில் குதிரை ஓடுவது போல இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் 'தி வெஞ்சர்ஸ்' குழுவின் 'வாக், டோன்ட் ரன்' வெளிவந்தது. 1962-இல் 'புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ்' குழுவின் 'கிரீன் ஆனியன்ஸ்' வந்தது.

அறிவிப்பாளர்களுக்கு இவை வரப்பிரசாதம். எல்லாமே இரண்டு மூன்று நிமிடம். முதல் இரண்டு நொடியிலேயே அடையாளம் தெரியும். தாளம் நேராக ஓடும், மேலே பேசலாம். மொழி இல்லை, ஆகவே எந்த மொழி நிகழ்ச்சிக்கும் பொருந்தும். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று ஒரே கூரையின்கீழ் நான்கு மொழியில் ஒலிபரப்பு நடந்த நாட்டுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூருக்கே வந்து வாசித்தார்கள். அதன்பின் தீபகற்பம் முழுவதும் இளைஞர்கள் கிட்டார் தூக்கினார்கள். 'குகிரான்' என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். விறுவிறுப்பான கிட்டார்க் குழு என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. பீட்டில்ஸ் பாணியும் சேர்ந்துகொள்ள, 'பாப் யே யே' என்ற அலை 1960-களின் நடுவில் நாட்டை ஆட்டிவைத்தது. தமிழ்த் திரையிலும் காற்று அந்தப் பக்கமே வீசியது. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி மேற்கத்திய ஆட்டத் தாளத்தைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

தமிழ்க் காது இதை ஏன் அந்நியமாக நினைக்கவில்லை? திரைப்பாடலில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடையிசை உண்டு. பாடகர் மூச்சு வாங்கும் அந்த இடத்தில் எந்த நாட்டு வாத்தியமும் வந்து போகலாம் என்பதை நம் இரசிகர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பாட்டுக்குள் இடையிசை, வானொலிக்குள் நிகழ்ச்சிக்கு இடையே இசை. இரண்டும் ஒரே பழக்கம்தான்.

கைக்கு வராத பணம்

இந்த இசைத்தட்டுகளில் ஒன்றின் கதை மனத்தை உறுத்தும். 1962 ஜூலையில் 'டெல்ஸ்டார்' என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் பரபரப்பில் ஜோ மீக் என்பவர் அதே பெயரில் ஓர் இசையை இயற்றினார். இலண்டனில் ஒரு கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வேலை செய்தவர் அவர். 'தி டொர்னாடோஸ்' குழு வாசித்த அந்த இசைத்தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பிரிட்டிஷ் குழு அதுதான். பீட்டில்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பின்னால்.

ஆனால் மெட்டு தன்னுடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை மீக்குக்கு உரிமைப் பணம் கிடையாது என்றாயிற்று. உலகமெங்கும் இசைத்தட்டு சுழன்றது. இயற்றியவர் கடனில் மூழ்கினார், மனம் சிதைந்தார். 1967 பிப்ரவரி 3-ஆம் நாள் இறந்தார். சில வாரங்களில் வழக்கு அவருக்குச் சாதகமாகவே முடிந்தது. பணம் வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இடைவெளியை நிரப்பும் இசைதானே என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதனின் உழைப்பு இருக்கிறது. பாட்டு ஒலித்தால் பாடியவர் பெயரைச் சொல்கிறோம். இடையிசை ஒலித்தால் யாரும் பெயர் சொல்வதில்லை. பெயர் சொல்லாத இடத்தில் கூலியும் எளிதாக மறந்துபோகும். தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலாயாவில் இருந்தவர், இலண்டனுக்குப் போனவர்

அவசரகாலத்தில், 1950-இல், மலாயாவின் தகவல் பிரிவுக்குத் தலைமையேற்க பி.பி.சி.யிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பெயர் ஹியூ கார்ல்டன் கிரீன். எழுத்தாளர் கிரகாம் கிரீனின் தம்பி. துண்டுப்பிரசுரம், திரைப்படம், வானொலி ஆகிய மூன்றையும் கொண்டு மக்கள் மனத்தைப் பிடிப்பது அவருடைய வேலை. 1951-இல் திரும்பிப் போனவர், 1960 முதல் 1969 வரை பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக இருந்தார்.

அவருடைய காலத்தில்தான் பி.பி.சி. ராக் இசைக்குக் கதவைத் திறந்தது. 1964-இல் கப்பலில் இருந்துகொண்டே 'ரேடியோ கரோலைன்' போன்ற கள்ள நிலையங்கள் இரவு பகலாக ராக் இசையை ஒலிபரப்பின. இளைஞர்கள் அங்கே ஓடினார்கள். 1967-இல் சட்டம் போட்டு அவற்றை முடக்கிய அரசாங்கம், மாற்றாக ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் 'ரேடியோ ஒன்' தொடங்கியது. அதற்கான அடையாள இசையை இயற்றியவர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸின் இசைத்தட்டுகளைத் தயாரித்த அதே மார்ட்டின்தான்.

இசைத்தட்டுகளை நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் ஒலிபரப்பலாம் என்ற கட்டுப்பாடு இங்கிலாந்தில் 1988 வரை இருந்தது. தட்டையே போட்டுக்கொண்டிருந்தால் வாத்தியக்காரர்களுக்கு வேலை போய்விடும் என்பது இசைக் கலைஞர் சங்கத்தின் கவலை. அதனால் நிலையத்துக்கென்றே தனியாகப் பதிவு செய்த இசை நிறையத் தேவைப்பட்டது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ கலைஞர்கள் அதில் வாசித்தார்கள்.

இடைவெளியையே கலையாக்கியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆலன் ஃப்ரீமன், ரேடியோ ஒன்னில் 1973 முதல் நடத்திய சனிக்கிழமை ராக் நிகழ்ச்சியில், ஒரு ராக் பாட்டுக்கும் அடுத்த ராக் பாட்டுக்கும் நடுவே செவ்வியல் இசைத் துணுக்குகளைச் செருகினார். இன்னொரு பக்கம், 'ஃப்ளீட்வுட் மேக்' குழு 1977-இல் வெளியிட்ட 'தி செயின்' பாடலின் பின்பகுதியில் வரும் அடித்தந்தி ஓட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து, 1978 முதல் கார்ப் பந்தய ஒளிபரப்புக்கு முகப்பிசையாக்கியது பி.பி.சி. முழுப் பாட்டைக் கேட்டிராதவர்களும் அந்தச் சில நொடிகளைக் கேட்டால் காரைத்தான் நினைத்தார்கள்.

இடைவெளியிலிருந்து எழுந்தவை

சிறு மெட்டு பெரியதாவதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் நாட்டுப் பண்ணே சாட்சி. பேராக் சுல்தான் அப்துல்லா நாடுகடத்தப்பட்டிருந்த செய்செல்ஸ் தீவுகளில் ஒலித்த மெட்டு என்று அதைச் சொல்வார்கள். அது பேராக் மாநிலப் பண்ணாயிற்று. அதே மெட்டு 'தெராங் புலான்' என்ற பெயரில் நடனக் குழுக்களிடமும் புழங்கியது. 1947-இல் ஹவாயன் கிட்டாரோடு இலண்டனில் இசைத்தட்டாகவும் வந்தது. 1957-இல் அதுவே 'நெகாராகூ' ஆனது. நேற்றுவரை ஆட்டத்துக்கு வாசித்த மெட்டுக்கு இன்று எழுந்து நிற்கிறோம்.

'அப்பாச்சி'யின் பயணம் இன்னும் வியப்பானது. 1973-இல் 'இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்' என்ற குழு அதை மீண்டும் பதிவு செய்தது. மெட்டு நின்று, முழவும் மேளமும் மட்டும் நீண்ட நேரம் முழங்கும் பகுதி ஒன்று அதில் இருந்தது. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர், நடனக்காரர்கள் அந்தப் பகுதிக்கே காத்திருப்பதைக் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடையில் வைத்து, அந்த இடைப்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார். அதன்மேல் பேசினார்கள். பேச்சு தாளமாயிற்று. 'ராப்' பிறந்தது. வானொலி நிலையத்தில் இடைவெளியை மறைக்கப் பயன்பட்ட அதே இரண்டு சுழல்மேடைதான் அங்கே இடைவெளியைப் பெரிதாக்கியது.

அந்த இசை உலகைச் சுற்றி வந்து மலேசியத் தமிழ் இளைஞர்களைத் தொட்டது. 2006-இல் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' குழு 'வல்லவன்' என்ற தமிழ் ராப் இசைத் தொகுப்பை வெளியிட்டது. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாடல் ஒன்றைத் தழுவி அவர்கள் செய்தது தமிழ்நாட்டிலும் பரவியது. அதற்கு முன்பே பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் 'அலிகேட்ஸ்' குழுவின் வழியாக மலாய்ப் பாப் இசையில் நாடறிந்தவர்களாகியிருந்தார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள். இவர்களையெல்லாம் வளர்த்ததில், மொழி பார்க்காமல் எல்லா இசையையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து கொட்டிய வானொலிக்கும் பங்குண்டு.

எழுதி வைக்க வேண்டியது

இன்று கணினி ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் நொடி பிசகாமல் ஒட்டிவிடுகிறது. இடைவெளி என்பதே இல்லை. ஆறாம் அலைவரிசை என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் அரசாங்கத் தமிழ் வானொலி, 2005 முதல் 'மின்னல் எஃப்.எம்.' என்ற பெயரில் ஒலிக்கிறது. தஞ்சோங் மாலிமைச் சுற்றியும் காட்சி மாறிவிட்டது. 2003-இல் புரோட்டோன் கார்த் தொழிற்சாலை வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள்.

ஒலிநாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் நிலையங்கள் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவு செய்தன. பி.பி.சி.யே தன் பழைய பதிவுகள் பலவற்றை அப்படி இழந்தது. நிகழ்ச்சிகளுக்கே அந்தக் கதி என்றால் நடுவில் வந்த இசையை யார் பாதுகாத்திருப்பார்கள்? அது இன்று இருப்பது கேட்டவர்களின் காதில் மட்டும். அந்தக் காதுகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஆகவே செய்ய வேண்டிய வேலை சிறியதுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், தோட்டத்தில் செய்திக்கு முன் என்ன இசை வரும் என்று கேளுங்கள். அவர்கள் முனகுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பரணில் பழைய ஒலிநாடாக்கள் கிடந்தால், பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடாதீர்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகள்தான் வேறெங்கும் கிடைக்காதவை. திரைப்பாடல் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. பேராங் தோட்டத்து லயத்தில் மாலை நேரத்தில் கேட்ட அந்த கிட்டார் ஒலி, அதைக் கேட்டவர் சொன்னால்தான் உண்டு.

இரண்டு பாட்டுக்கு நடுவே வந்ததால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. கேட்டு வைத்தவர்கள் இருக்கும்போதே அதற்கு ஒரு பெயரைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும்.